டர்போ காரின் மூச்சும் பெண்ணையாற்றங்கரையும்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் புதுச்சேரியின் பாகூர் வட்டாரத்து வயல்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நெல் அறுத்துக்கொண்டிருக்கும் இயந்திரம் பாதி வரப்பில் நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கித் தலைத்துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். ரேடியேட்டர் சல்லடையில் அப்பியிருக்கும் வைக்கோல் தூளைக் கையால் வழித்தெறிவார். ஏர் ஃபில்டரைக் கழற்றி, டயர் மேல் மெல்லத் தட்டி, மறுபடியும் மாட்டுவார். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாவிட்டால் புகை கறுக்கும், இழுவை குறையும், டீசல் கூடக் குடிக்கும். இதை அவருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை.

அதே ஊர்களில், பெண்ணையாற்றங்கரைச் சோரியாங்குப்பத்திலிருந்து பாகூர் வரை, இன்ஜினின் மூச்சைப் பற்றி வேறொரு கூட்டமும் பேசிக்கொண்டிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் டர்போ ஹேட்ச்பேக் வாங்கிய இளைஞர்கள். ஒருவரிடம் 2013-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருக்கும். இன்னொருவரிடம் ஹூண்டாய் ஐ20 டர்போ. கையில் காசு குறைவென்றால் ஸ்விஃப்ட் டீசல். வண்டி வந்த மூன்றாம் மாதமே பானட் திறக்கும். கம்பெனி கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி வெளியே போகும். அதன் இடத்தில் சிவப்பு நிறத்தில், ஐஸ்கிரீம் கோன் வடிவத்தில் ஒரு ஃபில்டர் உட்காரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் "உஸ்ஸ்" என்று டர்போ சத்தம் கேட்கும், விட்டால் "புஸ்" என்று காற்று பிரியும். பிக்கப் கூடிவிட்டது என்று மனசு சொல்லும்.

அந்த மனசை நம்பக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். குறைந்த செலவில் டர்போ காரின் காற்றுப்பாதையைச் சீராக்க முடியும். ஆனால் அதற்குப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. புழுதியும் வெயிலும் வெள்ளமும் மாறி மாறி வரும் இந்த ஆற்றங்கரையில் அதைத் தூக்கி எறிவது, காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்குவது.

நொடிக்கு 70 லிட்டர்

கணக்கிலிருந்து தொடங்கலாம். 110 குதிரைத்திறன் தரும் ஒரு சிறிய பெட்ரோல் டர்போ இன்ஜின் முழு வீச்சில் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 80 கிராம் காற்றை உறிஞ்சுகிறது. நம் ஊர் வெப்பத்தில் அது சுமார் 70 லிட்டர். மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறையக் காற்று இருந்தால், பதினைந்து நொடியில் காலி செய்துவிடும். இவ்வளவு காற்றும் ஒரு காகித மடிப்பைத் துளைத்துத்தான் உள்ளே போக வேண்டும். அப்படியானால் அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டால் இன்ஜின் சுகமாக மூச்சுவிடுமே என்று தோன்றுவது நியாயம்தான்.

டர்போ இல்லாத பழைய கார்களில் இந்த நினைப்பில் கொஞ்சம் உண்மை இருந்தது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் ஒன்றுதான் சிலிண்டரை நிரப்புகிறது. வழியில் இழந்தது இழந்ததுதான். டர்போ காரில் கதை வேறு. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு சிறு விசிறி, நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழன்று, காற்றை அழுத்தித் திணிக்கிறது. எவ்வளவு திணிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இசியு என்கிற கணினிப் பெட்டி. ஓட்டுநரின் கால் கேட்ட இழுவைக்கு இவ்வளவு காற்று போதும் என்று அது முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஃபில்டரில் தடை சற்றுக் குறைந்தால், இசியு டர்போவின் வேலையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும். கிடைக்கும் குதிரைத்திறன் அநேகமாக அதேதான். டர்போவுக்குக் கொஞ்சம் சிரமம் குறையும், சற்றுச் சீக்கிரம் வேகமெடுக்கும். மென்பொருளை மாற்றி, அதாவது பட்டறைப் பேச்சில் 'ரீமேப்' செய்து, இன்ஜினைக் கூடுதல் காற்று கேட்க வைத்தால் மட்டுமே காற்றுப்பாதை உண்மையான கேள்வியாகிறது. ரீமேப்பின் முதல் படிக்குக்கூடப் பல கார்களில் கம்பெனிப் பெட்டியே தாங்கும்.

நம் சாலைகளில் தினமும் ஓடிய ஒரு சான்று இருக்கிறது. ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் டீசல். மாருதி ஸ்விஃப்டில் அது 75 குதிரைத்திறன் தந்தது. அதே கொள்ளளவு இன்ஜின், எர்டிகாவிலும் சியாஸிலும் 90 தந்தது. அந்தப் பதினைந்து குதிரைகள் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரவில்லை; உள்ளிதழ்களைத் தேவைக்கேற்பத் திருப்பிக்கொள்ளும் வேறொரு டர்போவும் அதற்கேற்ற மென்பொருளும் கொடுத்தவை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதிகள் வந்ததோடு மாருதி டீசலைக் கைவிட்டது. ஆனாலும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் அந்த ஸ்விஃப்டுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. அதன் பானட்டுக்குள்ளும் இப்போது கோன் ஃபில்டர்கள் முளைக்கின்றன.

ஐந்து மில்லிமீட்டர் திருட்டு

காற்றுப்பாதை உண்மையிலேயே சக்தியைத் தீர்மானிக்கும் இடமும் உண்டு. உலக ரேலி சாம்பியன்ஷிப்பில் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு விதி இருந்தது: டர்போவுக்குள் போகும் காற்று முழுவதும் 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். எல்லாருடைய இன்ஜினுக்கும் ஒரே அளவு மூக்கு. 1995-ல் ஸ்பெயினின் கேட்டலூனியா ரேலியில், டொயோட்டா அணியின் செலிகா காரைச் சோதித்தவர்கள் திகைத்துப்போனார்கள். டர்போவை மாட்டி இறுக்கும்போது அந்த வளையம் சுமார் 5 மில்லிமீட்டர் நகர்ந்து, பக்கவாட்டில் காற்றுக்குத் திருட்டு வழி திறந்துவிடும். சோதனைக்காகக் குழாயைக் கழற்றினால் வழி தானே மூடிக்கொள்ளும். கூடுதலாகக் கிடைத்த காற்று கால் பங்கு வரை என்று மதிப்பிட்டார்கள். அணிக்குப் பன்னிரண்டு மாதத் தடை விழுந்தது.

அந்தக் காரில் மூச்சுக்குழாய்தான் இறுக்கமான இடம், வேண்டுமென்றே இறுக்கப்பட்ட இடம். அதனால் அங்கே ஐந்து மில்லிமீட்டர் பொன்னாக இருந்தது. பாகூரில் ஓடும் போலோவுக்கு யாரும் வளையம் மாட்டவில்லை. அதன் இறுக்கமான இடம் எது என்று கண்டுபிடிக்காமலேயே பணத்தைக் கொட்டினால், அடைத்துக்கொண்ட வாய்க்காலை விட்டுவிட்டு நன்றாக ஓடும் வாய்க்காலைத் தூர்வாரிய கதையாகிவிடும்.

வெயில், புழுதி, வெள்ளம்

திறந்த கோன் ஃபில்டரின் முதல் எதிரி வெப்பம். கம்பெனிப் பெட்டியின் வாய் பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்கு மேலே, பானட்டின் முன்விளிம்பில் இருக்கும். வண்டி ஓடும்போது எதிரே வரும் வெளிக்காற்றை அது பிடித்துக்கொள்ளும். பெட்டியை எடுத்துவிட்டால் ஃபில்டர் இன்ஜின் அறைக்குள்ளேயே கிடக்கும் சூடான காற்றைக் குடிக்கிறது. சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால், கடலூர் போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியின் பானட்டுக்குள் 60 டிகிரி சாதாரணம். 40-லிருந்து 60-க்குப் போகும் காற்றின் அடர்த்தி ஆறு சதவீதம் குறைகிறது. பெட்டியின் தடையை நீக்கி மிச்சம் பிடித்ததாகச் சொல்லப்படுவது இரண்டு மூன்று சதவீதம்தான்.

டர்போவில் இந்த நஷ்டம் இன்னும் பெருகும். காற்றை அழுத்தினால் சூடாகும்; சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்றை இருமடங்கு அழுத்தும் ஒரு நடுத்தர டர்போவுக்குள் 40 டிகிரியில் நுழையும் காற்று, வெளியே வரும்போது 140 டிகிரியை நெருங்கும். 60 டிகிரியில் நுழைந்தால் 160-ஐத் தாண்டும். அதைக் குளிர்விக்க வேண்டியது இன்டர்கூலரின் பாடு. அது திணறினால் சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கப் பார்க்கும், இன்ஜின் தட்டும். அதைச் சென்சார் கேட்டதும் இசியு உடனே ஸ்பார்க் நேரத்தைத் தள்ளிப்போட்டு இழுவையைக் குறைக்கும். சத்தம் கூடியிருக்கும், சக்தி குறைந்திருக்கும். ஓட்டுபவர் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டாவது எதிரி புழுதி. பெண்ணையாற்று மணலும் செங்கல் தூளும் அறுவடைத் தூசும் கலந்த காற்றுதான் இந்தப் பக்கத்துக் காற்று. மணலின் சிலிக்கா, சிலிண்டர் சுவரின் இரும்பைவிடக் கடினமானது. உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அதற்கு முன்பே, இரண்டு லட்சம் சுற்றில் சுழலும் டர்போ விசிறியின் இதழ் நுனிகளைக் கொறிக்கத் தொடங்கிவிடும்.

இதை விவசாயம் எப்போதோ புரிந்துகொண்டது. பழைய பம்புசெட் ஆயில் இன்ஜினில் காற்று ஓர் எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் திரும்பித்தான் உள்ளே போகும். தூசு எண்ணெயில் விழுந்துவிடும். டிராக்டரின் மூக்குக்கு மேலே காளான் போல நிற்கும் குமிழ், காற்றைச் சுழற்றிக் கனத்த தூசை முதலிலேயே உதறிவிடும். வயலில் வேலை செய்யும் இயந்திரத்தின் மூக்கு ஏன் உயரத்தில் இருக்கிறது, ஏன் இரண்டு மூன்று அடுக்கு வைத்திருக்கிறது என்பதற்கு அந்த வயலே பதில்.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்கள் மோசமானவை என்று சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் 1969-ல் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம் அந்த வகையைத்தான் உலகெங்கும் கொண்டுசென்றது. அவற்றைக் கழுவி, காயவைத்து, அளவாக எண்ணெய் தடவி மறுபடி பயன்படுத்தலாம். சிக்கல் 'அளவாக' என்ற சொல்லில் இருக்கிறது. எண்ணெய் குறைந்தால் தூசு நுழையும். கூடினால் காற்றின் அளவை உணரும் சென்சாரின் மெல்லிய கம்பியில் எண்ணெய்ப் படலம் படிந்து, இசியுவுக்குப் பொய்க் கணக்குப் போகும். பந்தய அணிக்கு இதற்கென்றே ஆள் உண்டு. வீட்டில் அதைச் செய்ய வேண்டியவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நாம்தான். சாதாரணக் காகித ஃபில்டரோ தூசு படியப் படிய இன்னும் நன்றாகவே வடிகட்டும். முற்றிலும் அடைத்துக்கொள்ளும் முன் மாற்றிவிட்டால் போதும்; விலை சில நூறு ரூபாய்.

மூன்றாவது எதிரி தண்ணீர். சோரியாங்குப்பத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து, மேலே திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அன்று நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் பெண்ணையாற்றில் திறந்துவிடப்பட்டது. பாகூர் கொம்யூனின் ஆற்றங்கரைக் கிராமங்களுக்கும் மறுகரையில் கடலூருக்கும் மழை ஓய்ந்த பிறகுதான் வெள்ளம் வந்தது. வெயில் அடிக்கிற பகலில் தெருவில் தண்ணீர் ஏறியது.

இந்த ஊருக்குத்தான் 'கோல்ட் ஏர் இன்டேக்' என்ற பெயரில் இன்னொரு வடிவமும் வந்து சேர்கிறது. குளிர்ந்த காற்று வேண்டும் என்பதற்காக ஃபில்டரை நீளமான குழாய் வைத்துக் கீழே இறக்கி, முன்பம்பரின் மூலையில், தரைக்கு ஒரு அடி உயரத்தில் பொருத்துகிறார்கள். அமெரிக்காவின் வறண்ட நெடுஞ்சாலைக்கு அது சரியாக இருக்கலாம். முழங்கால் தண்ணீரில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகும் ஊரில் அது உறிஞ்சுகுழாய் ஆகிவிடும். நொடிக்குப் பல லிட்டர் காற்றை இழுக்கும் விசை, எட்டிய தண்ணீரையும் இழுக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீரில் மோதி நிற்கும். கனெக்டிங் ராடு வளையும் அல்லது இன்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்கப்புறம் வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். சாதாரணக் காப்பீட்டில் இந்தச் சேதம் பெரும்பாலும் சேராது. இன்ஜினுக்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். கம்பெனி கொடுக்காத குழாயைப் பார்த்துவிட்டால் சர்வேயர் அந்தக் கோரிக்கையையும் தள்ளிவைக்கப் பார்ப்பார்.

சென்னைக்காரர்கள் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்கள். காரின் மூக்கு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒரு நகரமே கற்றுக்கொண்ட விதம் அது. அதே நேரத்தில் மூக்கைப் பம்பருக்குள் இறக்கிக்கொண்டிருப்பது என்ன புத்திசாலித்தனம்?

இரண்டாயிரம் ரூபாய்க்குள்

எதையும் தொடாதே என்று சொல்வது சுலபம். கைத்தொழில் ஆர்வமுள்ளவர்களுக்கு அது பதிலாகாது. அந்த ஆர்வம் மதிக்கத்தக்கது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்பவர், மாருதி 800-ன் இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று அவற்றுக்குப் பெயர். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத ஒரு தலைமுறை அதில்தான் பந்தயம் பழகியது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவையின் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. மலிவான பொருளில் நல்ல வண்டி செய்யும் மரபு நமக்குப் புதிதில்லை. அந்த மரபில் அளந்து பார்ப்பதும் சேர்ந்தே இருந்தது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் லெவல் டியூப் போதும். அதை 'யு' வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிய இரண்டு சொட்டு நீல மை விட வேண்டும். ஒரு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில், பெட்டியின் மூடியில் போட்ட சின்னத் துளையில் செருகலாம். மறுமுனை சும்மா திறந்திருக்கட்டும். தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடாமல் இருக்க, குழாயின் ஒவ்வொரு கையும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்க, பக்கத்தில் இருப்பவர் குழாயைப் பார்க்க, ஆளில்லாத நேரான சாலையில் இரண்டாவது கியரில் ஒருமுறை முழுதாக மிதித்தால் போதும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால், வழியில் இழக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் ஒரு சதவீதம். புது ஃபில்டரோடு ஒருமுறை, பழைய ஃபில்டரோடு ஒருமுறை, ஃபில்டரே இல்லாமல் ஒருமுறை, ஆனால் வண்டியை நிறுத்தி வைத்துத் தூசில்லாத இடத்தில் மட்டும், அளந்து பார்த்தால், குற்றவாளி காகிதமா, பெட்டியா, முன்னால் இருக்கும் குறுகிய வாயா என்பது தெரிந்துவிடும். நிறுத்தி வைத்த வண்டியில் டர்போ முழு வீச்சுக்கு வராது என்பதால் அந்தக் கடைசி அளவை மற்ற இரண்டோடு நேராக ஒப்பிடக் கூடாது; அதே நிலையில் ஃபில்டர் போட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்பத்தை அளக்க, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகும் ஓபிடி கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கைப்பேசியில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை ஓடும். சிக்னலில் நிற்கும்போது எவ்வளவு, ஓடத் தொடங்கி ஒரு நிமிடத்தில் எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துவைத்தாலே பாதிப் பட்டறை வாக்குவாதம் ஓய்ந்துவிடும்.

அளந்தாகிவிட்டது என்றால் வேலை எளிது. பெட்டி இருக்கட்டும். அதற்குள் கம்பெனி அளவில் நல்ல காகித ஃபில்டர் ஒன்று போதும். பெட்டி மூடியின் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் ஃபோம் பட்டை ஒட்டி அடைக்க வேண்டும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் எந்த ஓட்டை இருந்தாலும் அது வடிகட்டாத புழுதிக்கு நேர்வழி. பெட்டியின் வாயிலிருந்து பானட் விளிம்பு வரை போகும் குழாய் நசுங்கியோ விலகியோ இருந்தால் நேராக்கலாம். வாய் குறுகலாக இருப்பதாக அளவு சொன்னால் மட்டும் அதை அகலப்படுத்தலாம், உயரத்தை மாற்றாமல். டர்போ பக்கமாக இருக்கும் பெட்டியின் சுவருக்கு மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை இடைவெளி விட்டு நிறுத்தினால் அனல் நேரடியாக அடிக்காது. ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் சிலிகோன் குழாய் போட்டு, நல்ல ஹோஸ் கிளிப்பால் இறுக்கலாம். இவ்வளவும் இரண்டாயிரம் ரூபாயைச் சுற்றி முடிந்துவிடும். பெயர் பெற்ற முழு இன்டேக் கிட்டின் விலை இருபதாயிரத்தைத் தாண்டும்.

கைப்பக்குவக்காரர்கள் செய்யும் இரண்டு தவறுகளையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, வீட்டுக் குழாய்க்கு வாங்கிய பிவிசியை இன்ஜின் பக்கத்தில் போடுவது. 80 டிகிரி வாக்கில் அது தளர்ந்துவிடும். டர்போவின் உறிஞ்சலில் நசுங்கவும் செய்யும். இன்னொன்று, இன்ஜினின் ஆயில் ஆவியைக் கொண்டுவரும் பிரீதர் குழாயைக் கழற்றி அப்படியே தொங்கவிடுவது. அதன் பழைய வாயில் புழுதி நுழையும், பானட்டுக்குள் எண்ணெய் படியும்.

சட்டம் எந்தப் பக்கம்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்றது. ஒலி, புகை விதிகளை மீறினால் 190-வது பிரிவின் கீழ் 10,000 ரூபாய் வரை போகும். பெட்டிக்குள் போடும் மாற்று ஃபில்டர் பதிவுச் சான்றின் எந்த வரியையும் மாற்றுவதில்லை. பானட்டைத் திறந்தவுடன் கண்ணில் குத்தும் கோன் ஃபில்டரும் ரீமேப்பும் சேர்ந்தால் அது சோதனைச்சாவடிக் காவலரின் மனநிலையைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது. சோரியாங்குப்பத்துக்காரருக்கோ ஆற்றைக் கடந்தால் இன்னொரு மாநிலம், இன்னொரு காவல் துறை.

இந்தத் தெளிவின்மையை அரசு நீக்க வேண்டும். எந்த உதிரிபாகத்தை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது, எதற்கு முன்அனுமதி வேண்டும் என்று ஒரு பட்டியல் தமிழில் போக்குவரத்துத் துறை அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டாலே பாதித் தகராறு தீரும். விற்பவர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: "இத்தனை குதிரைத்திறன் கூடும்" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டால், எந்தக் காரில், எந்த வெப்பநிலையில், எப்படி அளந்தது என்பதையும் அச்சிடட்டும். சோப்புக்கும் சமையல் எண்ணெய்க்கும் கேட்கும் பொறுப்பை இருபதாயிரம் ரூபாய்க் குழாய்க்கு ஏன் கேட்கக் கூடாது? ஐடிஐ மோட்டார் மெக்கானிக் பாடத்தில் லெவல் டியூப்பை வைத்து இன்டேக் தடையை அளக்கும் ஒரு செயல்முறை வகுப்பைச் சேர்ப்பதற்குச் செலவு ஒரு குழாயும் ஒரு பலகையும்தான்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. சத்தம் பிடித்துத்தானே போடுகிறோம், அவரவர் காசு, அவரவர் ஆசை என்பார்கள். சரிதான்; திருவிழாவுக்கு மேளம் வைப்பது போல அதையும் ஓர் ஆசையாக ஒப்புக்கொண்டு செய்பவரிடம் சண்டையில்லை. பட்டறையில் அந்த ஆசையை "பிக்கப்" என்ற பெயரில் விற்பதுதான் ஏமாற்று. "தம்பி, உனக்குச் சத்தம் வேணுமா, இழுவை வேணுமா?" என்று முதலில் கேட்கிற மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடக் கூடாது.

தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரக் கோயில்களின் சாமிகள் தீர்த்தவாரிக்குச் சோரியாங்குப்பம் கரைக்கு வரும். பின்னாலேயே கரும்பும் வளையலும் விற்கும் கடைகள், பைக்குகள், ஷேர் ஆட்டோக்கள், கார்கள். ஆற்று மணல் முழுக்கக் காற்றில் எழும்பி நிற்கும் அந்தச் சாயங்காலத்தில் கரையோரம் நிறுத்தி எடுத்துவந்த காரின் ஃபில்டரை மறுநாள் காலையில் கழற்றி, ஒரு வெள்ளை வேட்டித் துணியின் மேல் தட்டிப் பார்க்கலாம். விழுகிற மணலை ஒரு தேக்கரண்டியில் அள்ளி, போன வருடம் அளந்ததோடு ஒப்பிட்டு, ஃபில்டரை மாற்றுவதா, இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவதா என்று முடிவு செய்துவிட்டு, பெட்டியின் கிளிப்பைப் பூட்டலாம்.